மதுரை லீக்கில் கடைசி ஓவர் பவுலர்: அடுத்த படிக்கு அனுப்பலாமா, எதைப் பார்த்து முடிவு செய்வது?

கோரிப்பாளையம் கேப்டன்:

வணக்கம். எங்கள் டிவிஷன் அணியில் ஒரு தம்பி. வயது 20, மேலூர்ப் பக்கம், ரைட் ஆர்ம் மீடியம் ஃபாஸ்ட். டென்னிஸ் பால் டோர்னமெண்டில் பேர் வாங்கி அப்புறம் ஸ்டிச் பாலுக்கு (தையல் போட்ட தோல் பந்து) வந்தவன். கை கொஞ்சம் கீழே, மலிங்கா அளவுக்கு இல்லை என்றாலும் பக்கவாட்டில் சுழற்றி எறியும் ஸ்லிங்கிங் ஆக்‌ஷன். சென்னை டிவிஷன் அணி ஒன்றின் ட்ரையலுக்கு ஒருவரைப் பரிந்துரைக்கச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் கமிட்டியில் ஒருவர் "இவன்தான், கண்ணை மூடிக்கிட்டு அனுப்பலாம்" என்கிறார். இன்னொருவர் "எல்லாம் கண்டபடி சுத்தி அவுட் ஆனவனுங்க விக்கெட்" என்கிறார்.

ஸ்கோர் புக்கில் இருப்பது: டி20 ஆட்டங்களில் மொத்தம் 31 ஓவர், 223 ரன், 14 விக்கெட். இதில் 17 முதல் 20 வரையிலான ஓவர்களில் மட்டும் 12 ஓவர், 104 ரன், 9 விக்கெட். அந்த 12 ஓவரில் 5 சிக்ஸ், 6 ஃபோர், 11 வைடு, 26 டாட். எல்லாம் மேட் (பாய் விரித்த) பிட்ச்சில். டர்ஃப்பில் (புல்-மண் பிட்ச்) போட்டதே இல்லை.

கையில் ஸ்கோர் புக்கும் போனும் இருக்கிறது. ஸ்பீட் கன் இல்லை. எதைப் பார்க்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும்? விவரமாகச் சொன்னால் நல்லது.

---

ஸ்கோர்ஷீட் பைத்தியம்:

முதலில் எகானமியை (ஓவருக்கு விட்ட ரன்) தள்ளி வையுங்கள். 104 ரன் 12 ஓவரில் என்றால் 8.67. அதே 12 ஓவரில் மூன்று எட்ஜ் கீப்பர் கைக்குப் போகாமல் தேர்ட் மேன் பக்கம் ஃபோர் போயிருந்தால் கூடுதலாக 12 ரன், எகானமி 9.67. பவுலர் அதே ஆள், போட்ட பந்தும் அதே பந்து. 72 பந்தை வைத்து எகானமியைத் தசம புள்ளி வரை பேசுவது ஜாதகம் பார்ப்பதைவிடக் கொஞ்சம்தான் மேல்.

அமெரிக்க பேஸ்பாலில் மைனர் லீக் ரிலீஃப் பிட்சர்களை எடைபோடுகிறவர்களுக்கும் இதே தலைவலிதான். ரிலீஃப் பிட்சர் ஆட்டத்தின் பின்பகுதியில் வந்து ஓரிரு இன்னிங்ஸ் போடுகிறவர். ஒரு சீசன் முழுக்கச் சேர்த்தாலும் ஐம்பது, அறுபது இன்னிங்ஸ் தேறினால் பெரிது. அதனால் அவர் விட்ட ரன்னை முதலில் பார்ப்பதில்லை. ஃபீல்டர் கை படாத மூன்று விஷயத்தைப் பார்ப்பார்கள்: எத்தனை பேரை ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்) செய்தார், எத்தனை பேரை வாக்கில் (நான்கு பந்து தவறி, இலவசமாக முதல் பேஸ்) விட்டார், எத்தனை ஹோம் ரன் (நம் சிக்ஸ் மாதிரி) கொடுத்தார். இதற்கென்றே ஒரு சூத்திரம் உண்டு. ஹோம் ரன்னை 13-ஆலும், வாக்கையும் உடம்பில் பட்ட பந்தையும் 3-ஆலும் பெருக்கிக் கூட்டி, ஸ்ட்ரைக் அவுட்டை 2-ஆல் பெருக்கிக் கழித்து, இன்னிங்ஸால் வகுப்பார்கள். கடைசியில் ஒரு மாறிலியைக் கூட்டுவார்கள். "சேவ்" (அணியின் முன்னிலையைக் கடைசி வரை காத்துக் கொடுத்தது) கணக்கை வைத்து இளைஞனை எடைபோடுவதை அங்கே யாரும் பெரிதாக மதிப்பதில்லை. நம்மூர் "கடைசி ஓவரில் 8 ரன்னை டிஃபெண்ட் பண்ணான்" மாதிரிதான் அதுவும்.

நமக்கு அதன் பங்காளி என்ன? போல்டு, எல்பி. அப்புறம் வைடு, நோ பால். அப்புறம் சிக்ஸ். டீப் மிட்விக்கெட்டில் பிடித்த கேட்ச் அன்றைக்கு விக்கெட், அடுத்த வாரம் ஐந்து மீட்டர் சின்ன பவுண்டரியில் சிக்ஸ்.

உங்கள் கணக்கில் எனக்கு உறுத்துவது வைடு. 11 வைடை எடுத்துவிட்டால் 72 பந்தில் 93 ரன், அதாவது ஓவருக்கு 7.75. ஓவருக்குக் கிட்டத்தட்ட ஒரு ரன்னை வைடே தின்றிருக்கிறது. அந்த 11-ஐ இரண்டாகப் பிரியுங்கள். ஆஃப் பக்கம் வைடு யார்க்கர் முயன்று கோட்டைத் தாண்டியது எத்தனை? லெக் பக்கம் வழுக்கியது எத்தனை? முதலாவது திட்டத்தில் வந்த பிழை, பயிற்சியில் சரியாகும். இரண்டாவது ஆக்‌ஷனில் வரும் பிழை. கை கீழே இருந்து வரும் பவுலருக்கு உடம்பு இடது பக்கம் சாய்ந்தால் பந்து லெக் சைடு போகும், இதைச் சரிசெய்ய மாதங்கள் பிடிக்கும்.

இன்னும் இரண்டு வேலை. அந்த 9 விக்கெட்டையும் பேட்டிங் ஆர்டர்படி எழுதுங்கள், 1 முதல் 6 எத்தனை, 8-க்குக் கீழே எத்தனை என்று. பிறகு, அதே ஆட்டங்களில் அதே 17-20 ஓவர்களை மற்ற பவுலர்கள், எதிரணியும் சேர்த்து, என்ன எகானமியில் போட்டார்கள் என்று பாருங்கள். இந்த ஒப்பீட்டில்தான் பிட்ச்சும் பவுண்டரியும் ஓரளவு சமமாகும்.

---

மேட்டுல முளைச்சவன்:

ஸ்கோர் புக் பாதிதாண்ணே சொல்லும். மிச்சத்தை நெட்ஸ்ல பார்த்துறலாம். ஒரு மாலைப்பொழுது போதும்.

யார்க்கர் டெஸ்ட் இப்படி வைங்க. பாப்பிங் கிரீஸ் ஸ்டம்புல இருந்து 1.22 மீட்டர்ல இருக்கு. ஸ்டம்புல இருந்து 2 மீட்டருக்குள்ள விழுந்தா யார்க்கர்னு பொதுவா எடுத்துக்குவாங்க. அப்ப கிரீஸ்ல இருந்து பவுலர் பக்கமா 80 சென்டிமீட்டர் தள்ளி சாக்பீஸ்ல ஒரு கோடு போடுங்க. அந்தப் பட்டைதான் இலக்கு. அதைத் தாண்டி 2ல இருந்து 4 மீட்டருக்குள்ள விழுந்தா ஸ்லாட், நல்ல பேட்ஸ்மேன் கண்ணை மூடிக்கிட்டு ஸ்டாண்டுக்கு அனுப்புவான். வைடு யார்க்கருக்கு இன்னொரு கோடு: நடு ஸ்டம்புல இருந்து ஆஃப் பக்கம் 89 சென்டிமீட்டர். டி20ல வைடு கோடு அங்கதான். நம்ம லீக்ல நிறைய கிரவுண்டுல அந்தக் கோட்டைப் போடவே மாட்டாய்ங்க, அம்பயர் கைதான் கோடு. பையனுக்குக் கோடு எங்க இருக்குன்னே தெரியாம வைடு போட்டிருக்கவும் வாய்ப்பிருக்கு.

24 பந்து, நாலு ஓவரா. ஓவருக்கு நடுவுல மூணு நாலு நிமிஷம் விடுங்க, ஃபீல்டிங் பண்ண வைங்க, அப்புறம் திரும்பக் கூப்பிடுங்க. கடைசி ஓவர் பவுலரோட வாழ்க்கையே அதுதான், பதினஞ்சு ஓவர் பவுண்டரியில நின்னுட்டு வந்து போடணும். பேட்ஸ்மேன் கட்டாயம் நிக்கணும். காலி ஸ்டம்புக்கு யார்க்கர் போடுறவன் ஊருக்கு நாலு பேர் இருக்கான். பேட்ஸ்மேன்கிட்ட ரகசியமா சொல்லி வைங்க: ரெண்டாவது ஓவர்ல கிரீஸுக்குள்ள ஆழமா ஸ்டம்பை ஒட்டி நிக்கணும், மூணாவதுல ஆஃப் பக்கம் நகரணும், நாலாவதுல ஒரு எட்டு வெளிய வரணும். பையன் கடைசி நொடியில லென்த்தை மாத்துறானா, இல்ல மனப்பாடம் பண்ண இடத்துலயே போடுறானான்னு தெரிஞ்சுரும். நாலாவது ஓவர்ல பந்தை வாளித் தண்ணில முக்கி எடுத்துக் குடுங்க. நாளைக்கு டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) வரைக்கும் போனா ஆட்டம் பெரும்பாலும் ராத்திரி, பனி விழலாம். மேட்ல பகல்ல மட்டும் போட்டவனுக்கு ஈரப்பந்து கையில நிக்காது.

எழுதும்போது வெறும் "யார்க்கர் / இல்லை"ன்னு எழுதாதீங்க. தவறினது எந்தப் பக்கம் தவறுச்சுன்னு எழுதணும். முட்டிக்குக் கீழ ஃபுல் டாஸ் ஆனா பெரிய குத்தமில்ல, அடிச்சாலும் கீழதான் போகும். இடுப்புக்கு மேல ஃபுல் டாஸ் நோ பால், ஃப்ரீ ஹிட் வேற. ஸ்லாட்ல விழுறதுதான் கொல்லும். தப்பு எல்லாம் ஃபுல் டாஸ் பக்கம் போனா அந்தப் பையனைத் தேத்திறலாம், ரிலீஸ் கொஞ்சம் சீக்கிரம் ஆகுது, அவ்வளவுதான். தப்பு எல்லாம் ஸ்லாட் பக்கம் போனா, பயத்துல பந்தைப் பிடிச்சு வச்சுக்கிறான்னு அர்த்தம்.

வேகத்துக்கு போனே போதும். 240 ஃப்ரேம் ஸ்லோ மோஷன் வைங்க. பிட்ச்சுக்குப் பக்கவாட்டுல, நடுப்பகுதிக்கு நேரா, பதினஞ்சு இருபது மீட்டர் தள்ளி ஸ்டாண்டுல நிறுத்துங்க, கையில பிடிக்காதீங்க. ரெண்டு கிரீஸும் ஃப்ரேமுக்குள்ள தெரியணும். பந்து கையை விட்ட ஃப்ரேம்ல இருந்து தரையில பட்ட ஃப்ரேம் வரைக்கும் எண்ணுங்க. யார்க்கர் மட்டும் எடுத்துக்கங்க. அதுல தூரம் சுமார் 17.3 மீட்டர், பவுன்ஸ் ஆகி வேகம் குறையுற குழப்பமும் கிடையாது. அப்ப 15,000-ஐ ஃப்ரேம் எண்ணிக்கையால வகுத்தா மணிக்கு எத்தனை கிலோமீட்டர்னு வந்துரும். 125 ஃப்ரேம்னா 120. இது காத்துல போற சராசரி வேகம். டிவில காட்டுறது கையை விடுறப்ப இருக்கிற வேகம், அது இதைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். சாதா 30 ஃப்ரேம் வீடியோவுல எண்ணாதீங்க, ஒரு ஃப்ரேம் தப்பினா 8 கிலோமீட்டர் மாறும்.

ஸ்லோயர் பாலுக்கும் இதே கணக்கு. 120 போடுறவன் ஸ்லோயர் 100, 103ல வரணும், அதாவது 145ல இருந்து 150 ஃப்ரேம். 110ல வந்தா அது ஸ்லோயர் இல்ல, பேட்ஸ்மேனுக்குக் குடுக்குற காணிக்கை. முன்னாடி இருந்து இன்னொரு வீடியோ எடுத்து கை வேகம் குறையுதா, ரன்-அப்லயே கிரிப்பை மாத்துறானா பாருங்க. ரன்-அப் ஆரம்பத்துல விரல் மாறினா நான்-ஸ்ட்ரைக்கர் பார்த்து பேட்டைத் தட்டிச் சொல்லிருவான்.

இன்னொண்ணு, மேட்ல கட்டர் (விரலால சீவி விடுற பந்து) நல்லாப் பிடிக்கும். கயிறு மேட்ல ஆஃப் கட்டர் ஆஃப் ஸ்பின் மாதிரித் திரும்பும். அதைப் பார்த்துட்டு "நல்ல வேரியேஷன்"னு எழுதிறாதீங்க. டர்ஃப்ல பாதி கூடத் திரும்பாது, ஈரம் இருந்தா நேரா பேட்டுக்கு வரும்.

---

கோரிப்பாளையம் கேப்டன்:

இருவருக்கும் நன்றி. சொன்னபடி டெஸ்ட் வைத்தோம்.

24 பந்தில் பட்டைக்குள் 9, முட்டிக்குக் கீழே ஃபுல் டாஸ் 6, ஸ்லாட் 7, வைடு 2. அந்த 9-ல் 7 முதல் இரண்டு ஓவரிலேயே வந்துவிட்டது. பேட்ஸ்மேன் நகர ஆரம்பித்ததும் ஸ்லாட்டில் விழுந்தது. ஈரப்பந்தில் யார்க்கர் ஒன்றுதான். வேகம் 122-126 ஃப்ரேம், அதாவது 119 முதல் 123. ஸ்லோயர் 137 ஃப்ரேம், 109 கிட்ட. கை வேகமும் கொஞ்சம் குறைகிறது.

ஸ்கோர் புக்: 9 விக்கெட்டில் 6 பேர் எட்டாம் நம்பருக்குக் கீழே. மேலே உள்ள மூவரில் இரண்டு போல்டு. 11 வைடில் 8 ஆஃப் பக்கம், 3 லெக் பக்கம். மற்ற பவுலர்கள் அதே ஓவர்களில் ஓவருக்கு 9-க்குக் கொஞ்சம் மேலே கொடுத்திருக்கிறார்கள்.

ஒன்று கவனித்தோம். பக்கவாட்டு வீடியோவில் ரிலீஸுக்கு முன்னால் முழங்கை மடங்கி நிமிர்வது போலத் தெரிகிறது.

---

எலும்பும் தசையும்:

முழங்கை விஷயத்தைத் தள்ளிப் போடாதீர்கள். மேல் கை தோள் மட்டத்துக்கு வந்ததிலிருந்து பந்து விடுபடும் வரை முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது. மடங்கிய கை மடங்கியே வந்தால் தவறில்லை, நிமிர்வதுதான் கணக்கு. போன் வீடியோவில் டிகிரி அளக்க முடியாது. தோள் சுழலும்போது நேரான கையும் மடங்கியது போலத் தெரியும். அதனால் பக்கவாட்டிலிருந்தும் பின்பக்கத்திலிருந்தும் எடுங்கள். இரண்டிலும் நிமிர்வது தெரிந்தால் மட்டும் பயிற்சியாளரிடம் போங்கள். டென்னிஸ் பாலில் வளர்ந்தவர்களுக்கு இது வரக் காரணம் உண்டு. பந்து லேசானது, முழங்கையைச் சுண்டினால்தான் வேகம் வரும். ஸ்டிச் பால் 156 முதல் 163 கிராம். அதே சுண்டலைத் தொடர்ந்தால் ஆக்‌ஷனும் சிக்கல், முழங்கையும் வலிக்கும்.

சேலம் சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த நடராஜனுக்கு 2014-15 ரஞ்சி அறிமுகத்திலேயே ஆக்‌ஷன் மீது சந்தேகம் வந்தது. அவரும் டென்னிஸ் பாலில் வளர்ந்தவர்தான். மாற்றிக்கொண்டு திரும்பி வந்தார், 2017 ஐபிஎல் ஏலத்தில் பஞ்சாப் அவரை 3 கோடிக்கு எடுத்தது. ஆக மாற்ற முடியாதது இல்லை. ட்ரையலில் ஒரு அம்பயர் சொல்லித் தெரிந்துகொள்வதை விட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

முதுகையும் பாருங்கள். பின்னங்கால் தரையில் பதியும்போது இடுப்பு பேட்ஸ்மேனைப் பார்த்தும் தோள் பக்கவாட்டிலும் இருந்தால் அது மிக்ஸ்டு ஆக்‌ஷன். இந்த வயதில் கீழ் முதுகு எலும்பில் விரிசல் வருவதற்கு அது முக்கியக் காரணம். நன்றாகப் பின்னால் வளையச் சொல்லுங்கள், ஒற்றைக் காலில் நின்றும் வளையட்டும். பவுலிங் கைக்கு எதிர்ப்பக்கம், கீழ் முதுகில் குத்தினால் பந்து போடுவதை நிறுத்திவிட்டு ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும். எக்ஸ்ரேயில் ஆரம்ப விரிசல் பெரும்பாலும் தெரியாது, எம்ஆர்ஐ கேளுங்கள்.

ட்ரையலுக்காக வாரப் பந்து எண்ணிக்கையைத் திடீரென இரட்டிப்பாக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பால் டோர்னமெண்டில் போடும் பந்தும் அதே கணக்கில்தான் சேரும். அதைப் பையன்கள் சொல்லவே மாட்டார்கள்.

---

ஸ்கோர்ஷீட் பைத்தியம்:

இந்த எண்களைப் பார்த்தால் கமிட்டியில் இருவர் சொல்வதும் பாதி சரி. மற்றவர்களை விட ஓவருக்கு அரை ரன் போல நன்றாகப் போட்டிருக்கிறான், 12 ஓவரில் அது எதையும் நிரூபிக்காது. 9-ல் 6 டெயிலெண்டர் என்பது "சுத்தி அவுட்" கட்சிக்கு வலு. ஆனால் வைடு பெரும்பாலும் ஆஃப் பக்கம். நெட்ஸில் சாக்பீஸ் கோடு போட்டதும் 24-ல் இரண்டுதான். அதாவது கோடு கண்ணுக்குத் தெரிந்தால் சரியாகப் போடுகிறான். இதுதான் இந்தத் தாளிலேயே நல்ல செய்தி.

---

அழகர்மலை எண்ட்:

கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன். 120 வேகத்தில் "கடைசி ஓவர் ஸ்பெஷலிஸ்ட்" என்று சென்னைக்கு அனுப்பினால் இரண்டு ஆட்டம் வெளியே உட்கார வைத்துத் திருப்பி அனுப்புவார்கள். 135 போடுகிறவன் யார்க்கர் தவறினாலும் பேட்ஸ்மேனுக்கு நேரம் குறைவு. 120-க்கு அந்தச் சலுகை கிடையாது, லென்த் தவறக் கூடாது. மேலும் சென்னை டிவிஷன் ஆட்டமெல்லாம் டி20 இல்லை. நீண்ட ஆட்டத்தில் புதுப் பந்தை ஸ்விங் செய்து ஏழெட்டு ஓவர் தொடர்ந்து ஒரே இடத்தில் போடத் தெரிய வேண்டும். இந்தப் பையன் மிச்ச 19 ஓவரை எங்கே போட்டான்? அதில் 119 ரன், ஓவருக்கு 6.26. பவர்பிளேயில் போட்டிருந்தால் அதுதான் பெரிய விஷயம், யாரும் கவனிக்கவே இல்லை.

வேறு வழியிலும் வருவார்கள், மறுக்கவில்லை. ஸ்பின்னர் வருண் சக்ரவர்த்தி 2018-ல் நம்ம மதுரை பாந்தர்ஸ் டிஎன்பிஎல் கோப்பை வென்ற சீசனில் ஆடியவர். அந்த டிசம்பர் ஐபிஎல் ஏலத்தில் 8.4 கோடிக்குப் போனார். ஆனால் அவர் போட்டது வேறு யாரும் போடாத பந்து. உங்கள் பையனிடம் அப்படி ஒன்று இருக்கிறதா? கீழிருந்து வரும் கை ஓரளவுக்கு அப்படித்தான். பவுன்ஸ் குறையும், பேட்ஸ்மேனுக்கு லென்த் பிடிபடாது. ஆனால் அதே கீழ்க் கையால்தான் ஸ்லாட்டில் விழும் பந்து நேராக பேட்டின் நடுவுக்கு வருகிறது.

என் யோசனை: இந்த முறை பரிந்துரைக்காதீர்கள். முழங்கையைச் சரிபார்த்து, ஸ்லோயரை 100-க்கு இறக்கி, மாவட்டங்களுக்கு இடையிலான ஆட்டத்துக்கு முதலில் போகட்டும். ட்ரையலில் ஒரு தடவை "இவன் அவ்வளவுதான்" என்று எழுதிவிட்டால் அந்தத் தாளை மாற்ற ஆள் கிடையாது.

---

மேட்டுல முளைச்சவன்:

அழகர்மலை அண்ணே சொல்றதுல எனக்கு ஒண்ணுதான் உடன்பாடு இல்ல. இருபது வயசுல 123 போடுறவன் பயிற்சி சரியா இருந்தா வேகம் ஏத்தலாம். முன்னங்கால் முட்டி மடங்குதா பாருங்க. தரையில பட்டதும் முட்டி சரிஞ்சு போச்சுன்னா ரன்-அப்ல சேர்த்த வேகம் எல்லாம் அங்கயே வடிஞ்சுரும். டென்னிஸ் பால் பையங்க முக்கால்வாசிப் பேருக்கு இது இருக்கும், கையாலயே போடுவாய்ங்க. முன்னங்காலை நிமிர்த்தி நிறுத்தக் கத்துக்கிட்டா வேகம் கூடும், பந்தும் கொஞ்சம் மேல இருந்து வரும். ஆனா அது முட்டிக்கும் முதுகுக்கும் பாரம், அதனால மெதுவா. இந்த சீசன்லயே நடக்காது.

மத்தபடி இப்ப அனுப்ப வேணாம்னு சொல்றது சரிதான்.

---

கோரிப்பாளையம் கேப்டன்:

மிச்ச 19 ஓவரைப் பார்த்தேன். 11 ஓவர் பவர்பிளே, மீதி நடு ஓவர். நான் கவனிக்கவே இல்லைதான். கமிட்டியில் பேசிவிட்டோம், இந்த முறை அனுப்பவில்லை. முழங்கைக்கு இந்த வாரம் பயிற்சியாளரிடம் போகிறான்.

கடைசியாக ஒன்று. டர்ஃப்பில் பழக்க நத்தம் என்பிஆர் மைதானம் மாதிரி இடத்தில் நெட்ஸ் கிடைத்தால் கூட்டிப் போகலாம் என்று இருக்கிறோம். மேட்டில் போட்ட ரப்பர் ஸ்டட் ஷூவோடு போகலாமா?

---

மேட்டுல முளைச்சவன்:

வேணவே வேணாம். ரப்பர் ஸ்டட் டர்ஃப்ல முன்னங்காலை வழுக்கிவிடும், காலைல ஈரம் இருந்தா சொல்லவே வேணாம். ஒரு தடவை வழுக்கினா அப்புறம் நாள் பூரா பயந்து பயந்து காலை வைப்பான், நீங்க பார்க்குறது அவன் பவுலிங்கா இருக்காது. முன்பக்கமாவது மெட்டல் ஸ்பைக் இருக்கணும், குதிகால்ல ரப்பர் இருந்தாப் பரவாயில்ல. புது ஷூவைப் போட்டு நேரா முழு ரன்-அப்ல ஓடவிடாதீங்க. ஸ்பைக் தரையைப் பிடிக்கிறப்ப கால் சட்டுனு நிக்கும், பழகாத முட்டியும் கணுக்காலும் வாங்கும். முதல் ரெண்டு மூணு தடவை அரை ரன்-அப். ரன்-அப்பையும் திரும்ப அளக்கச் சொல்லுங்க, ஸ்பைக்ல அடி நீளம் மாறும். மேட்ல அளந்த அதே அடிக் கணக்குல ஓடினா நோ பால் விழும்.

மெட்டல் ஸ்பைக்கோட மேட்ல மட்டும் இறங்க விட்றாதீங்க. மேட் கிழியும், கிரவுண்ட்காரர் உங்களைத்தான் தேடி வருவார்.